கயிற்றுக்கு வாடகை

செத்த வண்டி என்று எதையும் நம்பாதே
என்று இதாயத்திடம் சொல்லியிருக்கிறேன்.
பெட்ரோலும் கரண்டுமாய் ஓடும் வண்டி
சாவியைக் கழற்றிய பிறகும்
சக்கரம் உருண்டால் உள்ளே எதையோ சமைக்கும்.

கொண்டலாம்பட்டி பைபாஸில் ஒரு வெள்ளை ஹைப்ரிட்.
பழக்க தோஷத்தில் பின்பக்கம் தூக்கி
முன்சக்கரம் தரையில் உருள
ஐந்து ரோடு வரை இழுத்து வந்தேன்.
மோட்டார் வெந்துபோயிருந்தது.
அடிப்பிடித்த பாகற்காய் வாசனை.
பதினோரு மாதம் தவணை கட்டினேன்
அந்த வாசனைக்கு.

அதன் பிறகுதான் கோரிமேட்டு ஷெட் சுவரில்
சாக்பீஸால் எழுதினேன்:
நாலு சக்கரமும் தரையைத் தொடக்கூடாது.
கீழே இதாயத்தின் கையெழுத்து:
பல்லக்கு மட்டும்.

நேற்று இரவு ஒன்பதே முக்காலுக்கு போன்.
ஏற்காட்டுப் பாதை, பதினான்காம் கொண்டை ஊசி.
என்ன வண்டிங்க என்றேன்.
"வீடுங்க" என்றது ஒரு பெண்குரல்.

பனிக்குள் லைட் அடித்தால்
வீடுதான்.
திருச்செங்கோட்டில் பாடி கட்டியது.
கூரையில் சோலார் பலகை, ஜன்னலில் பூப்போட்ட திரை,
கதவு எண் மட்டும்தான் பாக்கி.
ரெஜினா, சூரமங்கலம், டயாலிசிஸ் நர்ஸ்.
கணவர் அமிர்தகடேசன்
முன்சக்கரத்துக்கு டீசல், பின்சக்கரத்துக்கு மோட்டார் என்று
மூன்று வருடம் திருகித் திருகிச் செய்தது.

எட்டாம் வளைவில் டீசல் இருமி நின்றதாம்.
மோட்டார் மட்டும் ஆறு வளைவு மேலே இழுத்ததாம்.
இப்போது பேட்டரி இரண்டு சதவீதம்.
"இவர் நடுவுல இண்டக்‌ஷன்ல சாம்பார் வெச்சார்"
என்றாள் ரெஜினா.
அவர் மறுக்கவில்லை.
எங்களுக்கும் ஊற்றினார்கள்.
உப்பு கொஞ்சம் கம்மி.

என் பல்லக்கில் கார் ஏறும். வீடு ஏறாது.
பின்பக்கம் தூக்கி இழுக்கலாம் என்றால்
என் வண்டியும் அதுவும் சேர்ந்த நீளம்
எந்த ஊசிக்குள்ளும் நுழையாது.
கிரேன் விடிந்தால்தான்.

"இறக்கத்துல இது சம்பாதிக்கும்.
நீங்க பின்னால வாங்க" என்றார் அமிர்தகடேசன்.
இருபத்திரண்டு வருடத்தில்
யாரும் என்னைப் பின்னால் வரச் சொன்னதில்லை.
மோட்டார் வெந்த கதையைச் சொன்னேன்.
"அது தூக்கத்துல உருட்டினது.
தூங்கும்போது உருட்டினா வேகும்.
முழிச்சிருந்தா சேர்த்து வைக்கும்."

இருந்த இரண்டையும் செலவழித்து
முன்னும் பின்னுமாய் ஏழு முறை நகர்ந்து
மூக்கைக் கீழ்நோக்கித் திருப்பினார்.
வீட்டின் முதுகில் என் கயிறு.
கயிற்றின் இந்த முனையில் நான்,
பிரேக் மேல் முழு உடம்பும்.

பன்னிரண்டாம் வளைவில் மூன்று.
ஒன்பதில் எட்டு.
ரெஜினா பின்ஜன்னலில் விரல் விரித்துக் காட்டினாள்.
பத்துக்கு மேல் விரல் போதாமல்
டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டாள்.
கீழே செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரை
மாதாமாதம் பில் கட்டிய வெளிச்சம்.
இங்கே ஒருத்தி
இருட்டிலிருந்து சதவீதம் சதவீதமாய் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கயிறு ஒரு முறைகூட விறைக்கவில்லை.
தார் ரோட்டை நக்கிக்கொண்டே வந்தது.
என் லைனிங்தான் தேய்ந்து நாறியது.
முன்னால் போன வீட்டிலிருந்து
சாம்பார் வாசனை தவிர வேறொன்றும் இல்லை.

அடிவாரம் செக்போஸ்ட். பதினேழு.
"வீடு வரைக்கும் போதும்" என்றார்.
எவ்வளவுங்க?
இழுக்கவில்லை. தூக்கவில்லை. ஏற்றவில்லை.
பில் புக்கை வைத்துக்கொண்டு நின்றேன்.
இதாயத் வாங்கி எழுதினான்:
கயிற்றுக்கு வாடகை, எண்ணூறு.
ரெஜினா ஆயிரமாய்க் கொடுத்தாள்.
"மீதி நீங்க பயந்ததுக்கு."

சத்தமே இல்லாமல் போனது அந்த வீடு,
சமையலறை விளக்கு எரிய.
இப்படி இன்னும் பத்து வீடு கிளம்பினால்
என் பிழைப்பு முன்னாலா பின்னாலா
தெரியவில்லை.

ஷெட்டுக்கு வந்ததும் இதாயத்
சுவரில் மூன்றாவது வரி சேர்த்தான்:
முளித்திருந்தால் தொடலாம்.
எழுத்துப்பிழை. விட்டுவிட்டேன்.

கயிற்றைச் சுற்றினேன்.
பாரம் இழுத்த கயிறு கைக்குச் சுடும்.
இது மலை மாதிரி ஜில்லென்று இருந்தது.